காலையில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகும் ஹோஸ்ட் அம்மா

கேள்வி: எனக்கு 23 வயது. சொந்த ஊர் தேனி பக்கம். ஜெர்மனியில் காஸல் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில், முதியோர் இல்லத்தில் ஓராண்டுத் தன்னார்வப் பணி செய்ய செப்டம்பரில் வந்தேன். ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். முதல் மாதம் நன்றாகத்தான் போனது. குளிர் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. வெளியே மூன்று டிகிரி இருக்கும் காலையில் ஹோஸ்ட் அம்மா என் அறைக்கு வந்து ஜன்னலை அகலமாகத் திறந்துவிட்டுப் போகிறார். இரவு பத்து மணிக்கு மேல் ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். நான் 5-ல் வைத்தால் திரும்ப 3-க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ராத்திரிக்கு ரொட்டியும் சீஸும்தான். சாப்பிட்டதும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சின்ன கரண்ட் ஹீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், ஹோஸ்ட் அப்பாவின் முகமே மாறிவிட்டது. தோல் வெடிக்கிறது, எந்நேரமும் தூக்கம் வருகிறது. "அவங்களுக்கு உன்னப் புடிக்கல போல, வேற வீடு கேளு" என்கிறார் அம்மா. கேட்கலாமா?

பதில்:

வேறு குடும்பம் கேட்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஜன்னல், ஹீட்டர், ரொட்டி, சாத்திய கதவு என்று நான்கைச் சொல்கிறீர்கள். நான்கும் உங்கள்மேல் அவர்களுக்கு உள்ள வெறுப்பைக் காட்டுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. ரொட்டியைத் தவிர மற்ற மூன்றும் அந்த வீட்டின் சுவரோடும் எரிவாயு பில்லோடும் சம்பந்தப்பட்டவை. நீங்கள் வருவதற்கு முந்தைய குளிர்காலத்திலும் அவர்கள் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

ஹீட்டரிலிருந்து தொடங்குவோம். ஜன்னலுக்குக் கீழே இருக்கும் அந்த வெள்ளை இரும்புப் பலகைக்குள் வெந்நீர் ஓடுகிறது. தண்ணீரைச் சூடாக்கும் கொதிகலன் பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். பலகையின் ஓரத்தில் இருக்கும் குமிழில் 1 முதல் 5 வரை எண்களும் ஒரு பனி நட்சத்திரமும் போட்டிருக்கும். நம் ஊர் ஃபேன் ரெகுலேட்டரில் பழகிய கை, சீக்கிரம் சூடாகட்டும் என்று நேராக 5-க்குத்தான் போகும். ஆனால் இது ரெகுலேட்டர் இல்லை. குமிழுக்குள் அறைக்காற்றின் சூட்டை உணரும் பகுதி ஒன்று இருக்கிறது. அறை எத்தனை டிகிரியைத் தொட்டதும் வெந்நீரை நிறுத்தவேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1 என்றால் சுமார் 12 டிகிரி, 2 என்றால் 16, 3 என்றால் 20, 4 என்றால் 24, 5 என்றால் 28. நட்சத்திரத்தில் வைத்தால் குழாய் உறையாமல் இருக்கும் அளவுக்கு ஏறக்குறைய 6 டிகிரி. 3-ல் வைத்தாலும் 5-ல் வைத்தாலும் குளிர்ந்த அறை 20-ஐ எட்ட ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். 5-ல் வைத்தால் அதற்குப் பிறகும் நிற்காமல் 28-ஐப் பிடிக்க எரிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அறைச் சூட்டை ஒரு டிகிரி கூட்டினால் எரிபொருள் செலவு சுமார் 6 சதவீதம் கூடும் என்பது அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கணக்கு. 2022-ல் ரஷ்ய எரிவாயு வரத்து நின்று விலை எகிறிய பிறகு அந்தக் கணக்கை மறந்த குடும்பம் குறைவு. உங்கள் குமிழ் 3-க்குத் திரும்புவது வீடு முழுக்க இருக்கும் அதே 20 டிகிரிக்குத்தான்.

இரவு பத்து மணி விஷயம். யாரும் எழுந்து வந்து அணைப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஊர்க் கொதிகலன்களில் இரவில் தானாகவே சூட்டைத் தாழ்த்தும் நேர அமைப்பு உண்டு. பத்து அல்லது பதினொன்றிலிருந்து காலை ஐந்து ஆறு வரை வெந்நீர் மிதமாகத்தான் ஓடும். அப்போது குமிழை எதில் வைத்தாலும் பலகை வெதுவெதுப்பைத் தாண்டாது. இதற்கு நாஹ்ட்அப்ஸெங்குங் என்று பெயர். ஹோஸ்ட் அப்பாவிடம் "நாஹ்ட்அப்ஸெங்குங் இருக்கிறதா, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். இந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டாலே கொதிகலனைத் திறந்து காட்டி அரை மணி நேரம் விளக்குவார். பலகையின் மேல்பகுதி பகலிலும் சில்லென்று இருந்து உள்ளே களகள என்று சத்தம் வந்தால் காற்று அடைத்திருக்கிறது என்று பொருள். அதையும் அவரிடம் சொல்லுங்கள். சின்னச் சாவி போட்டுக் காற்றை வெளியேற்ற ஐந்து நிமிடம் போதும், நீங்களாகத் திருகவேண்டாம். பலகையை மறைத்துத் திரைச்சீலை தொங்குகிறதா, ஈரத் துண்டு காய்கிறதா, சூட்கேஸை அணைத்து வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். குமிழைச் சுற்றிச் சூடு தேங்கிவிட்டால் அறை முழுக்கச் சூடாகிவிட்டதாக அது எண்ணிக்கொண்டு வெந்நீரை நிறுத்திவிடும்.

இன்னொன்று. படுக்கையறை 16 முதல் 18 டிகிரி இருப்பதுதான் நல்ல தூக்கத்துக்கு ஏற்றது என்று நினைப்பவர்கள் அங்கே அதிகம். கூடத்தில் 20, படுக்கையறையில் 17 என்பது அவர்களுக்கு இயல்பான கணக்கு. உங்களுக்குக் குளிர்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை, நீங்கள் வாய் திறந்து சொன்னால் தவிர.

இனி ஜன்னல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் ஜெர்மன் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து வந்து தங்குபவர்களோடு குளிர்காலத்தில் வரும் மனக்கசப்பில் பாதி இதில்தான் தொடங்குகிறது. தூங்கும் மனிதர் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுகிறார். எட்டு மணி நேரத்தில் 300 கிராமுக்கு மேல், பெரிய டம்ளர் ஒன்று நிறையத் தண்ணீர். உங்கள் அறை 12 சதுர மீட்டர் என்று வைத்தால் உள்ளே இருப்பது 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி 17 கிராம்தான், ஆக மொத்தம் 500 கிராம் சொச்சம். அதில் பாதி முன்பே இருக்கும். ராத்திரி சேரும் 300 கிராமுக்கு இடமில்லை. அது மெத்தைக்குள்ளும் திரைச்சீலைக்குள்ளும் இறங்கும், மீதி வீட்டிலேயே மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் ஒட்டும். அந்த இடம் வெளிச்சுவரின் மூலை, ஜன்னல் ஓரம், பீரோவின் முதுகு. சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் சுவரின் பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே போனால் பூஞ்சணம் பிடிக்கும் என்பது ஜெர்மன் கட்டட விதிகளே வைத்திருக்கும் எல்லைக்கோடு. ஒருமுறை பிடித்துவிட்டால் துடைத்தால் போகாது. வாடகை வீடாக இருந்தால் யார் தவறு என்று வீட்டுக்காரரோடு வழக்குவரை இழுக்கும்.

மூன்று டிகிரிக் காற்றை உள்ளே விட்டால் இன்னும் ஈரமாகாதா என்று தோன்றும். ஆகாது. மூன்று டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 6 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அது உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே மழை கொட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. குளிர் அதிகமாக அதிகமாக ஜன்னல் இன்னும் வேகமாக அறையைக் காயவைக்கும். ஹோஸ்ட் அம்மா காலையில் செய்வது இதுதான். இதற்கு ஷ்டோஸ்லுஃப்டன் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் வாசல் தெளிப்பதைப் போல அவர்களுக்கு அது காலை வேலைகளில் ஒன்று.

முறை இப்படி. முதலில் ஹீட்டர் குமிழை நட்சத்திரத்துக்குத் திருப்புங்கள். இதை விட்டுவிட்டால் ஜன்னலிலிருந்து விழும் குளிர்காற்று குமிழைத் தொடும், அறை ஐந்து டிகிரி ஆகிவிட்டது என்று அது வெந்நீரை முழுக்கத் திறந்துவிடும், காசு ஜன்னல் வழியே போகும். பிறகு ஜன்னல் கைப்பிடியைப் படுக்கைவாட்டில் திருப்பி, கதவைப் போல அகலமாகத் திறங்கள். உறைபனிக் காலத்தில் ஐந்து நிமிடம், ஐந்து பத்து டிகிரி என்றால் பத்து நிமிடம். போர்வையை உதறி மடித்துவிடாமல் விரித்து வையுங்கள், அதன் ஈரமும் போகட்டும். மூடிவிட்டுக் குமிழை 3-ல் வையுங்கள். காற்றுதான் மாறியது, சுவரும் மேசையும் கட்டிலும் இன்னும் சூடாகவே இருக்கின்றன. கால் மணி நேரத்தில் அறை பழைய நிலைக்கு வந்துவிடும். எழுந்ததும் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, பகலில் அறையில் இருந்தால் இன்னொருமுறை. பத்து யூரோவுக்கு ஈரப்பதமானி கிடைக்கும். 40-க்கும் 60-க்கும் இடையே நின்றால் சரி, 60-ஐத் தாண்டினால் திறக்கவேண்டிய நேரம்.

கைப்பிடியை மேல்நோக்கி வைத்தால் ஜன்னல் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். "கொஞ்சமாகத் திறந்திருக்கட்டுமே" என்று நாள் முழுக்க அப்படி விட்டுவிட்டு ஹீட்டரை ஓடவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. காற்று அவ்வளவாக மாறாது, ஆனால் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் நன்றாகக் குளிர்ந்துபோய்ப் பூஞ்சணம் அங்கேயே பிடிக்கும். துணியை அறையில் காயவைப்பதும் கூடாது. மெஷினில் ஒரு முறை துவைத்த துணி காயும்போது ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்றில் விடும். எங்கே காயப்போடுவது என்று கேட்டு அங்கேயே போடுங்கள், பெரும்பாலும் நிலவறையாக இருக்கும். பீரோவையும் கட்டிலின் தலைமாட்டையும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு அங்குள்ள ஜன்னலைத் திறங்கள். கதவைத் திறந்துபோட்டால் ஆவி நேராகப் பக்கத்திலுள்ள குளிர்ந்த அறைக்குப் போகும். கண்ணாடித் தடுப்பில் ரப்பர் துடைப்பான் தொங்குகிறது அல்லவா, அது உங்களுக்கும்தான். அந்த ஊர்க் குளியலறைத் தரையில் நம்மூர்போல எங்கும் தண்ணீர் போக வழியிருக்காது, சிந்தியதைத் துடைத்தாக வேண்டும்.

சாத்திய கதவுகளுக்கும் பாதிக் காரணம் இதுவே. கூடத்துக்கும் நடைவழிக்கும் படுக்கையறைக்கும் வெவ்வேறு சூடு. கதவு திறந்திருந்தால் கூடத்தின் சூடான ஈரக்காற்று குளிர்ந்த அறைக்குப் போய்ச் சுவரில் படியும். கோடையில் திறந்து கிடந்த கதவுகள் அக்டோபரில் சாத்தப்படுவது அதனால்தான். மீதிப் பாதி பழக்கம். அங்கே சாத்திய கதவு என்றால் "தட்டிவிட்டு வா", அவ்வளவுதான். தட்டிப் பாருங்கள்.

ஹோஸ்ட் அம்மா நீங்கள் அறையில் இருக்கும்போது கேட்காமல் உள்ளே வருவது மட்டும் எனக்கும் சரியாகப் படவில்லை. அதை நிறுத்த எளிய வழி, அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்வது. "இஷ் லுஃப்டெ மோர்கென்ஸ் ஸெல்ப்ஸ்ட்" என்று சொல்லுங்கள், காலையில் நானே திறந்து மூடுகிறேன் என்று பொருள். காலை ஷிஃப்டுக்கு ஐந்தரைக்குக் கிளம்பும் நாளிலும் விடாமல் செய்யுங்கள். அதன்பிறகும் கேட்காமல் வந்தால், வருமுன் கதவைத் தட்டும்படி தயங்காமல் சொல்லலாம். அது மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்படாது.

கரண்ட் ஹீட்டருக்கு முகம் மாறியதும் கணக்கால்தான். அந்தச் சின்னப் பெட்டி 2000 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் 4 யூனிட், மாதம் 120 யூனிட். ஒரு யூனிட் சுமார் 35 முதல் 40 சென்ட் என்றால் மாதம் 40 யூரோவுக்கு மேல். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் ஒயர் உருகும் பயம் வேறு. அதைக் கேட்காதீர்கள். குளிர்கிறது என்பதைச் சொல்லுங்கள்: "மியர் இஸ்ட் நாஹ்ட்ஸ் கால்ட். கன் இஷ் நோஹ் ஐனெ டெக்கெ ஹாபென்?" இரவில் குளிர்கிறது, இன்னொரு போர்வை கிடைக்குமா என்பதுதான். நம் வாயில் சட்டென்று வருவது "இஷ் பின் கால்ட்". அதைச் சொல்லிவிடாதீர்கள், அது உடல்குளிரைச் சொல்வதில்லை, ஈரமில்லாத மனசுக்காரி என்றுகூடப் பொருளாகிவிடும். வேர்ம்ஃப்ளாஷெ என்னும் ரப்பர் வெந்நீர்ப் பையும் கேளுங்கள், அந்த வீட்டில் இல்லாமல் இருக்காது. கொதிக்கும் நீர் ஊற்றாமல், கெட்டிலை அணைத்துச் சற்று ஆறவிட்டு முக்கால் பைக்கும் குறைவாக நிரப்பி, மீதிக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்தால் போதும்.

அடுத்து ரொட்டி. அங்கே பல வீடுகளில் சூடான சாப்பாடு மதியத்தில்தான். ராத்திரிக்கு ஆபென்ட்ப்ரோட், அதாவது ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி, சில நாள் சூப். உங்களுக்கென்று தனியாக வைத்த குறைச்சல் சாப்பாடு இல்லை, பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே முதியோர் இல்லத்தில் மதியம் கிடைக்கும் சூடான சாப்பாட்டை விடாதீர்கள். இங்கே நம்மவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டால் மரியாதைக்கு முதலில் வேண்டாம் என்போம், மூன்றாவது முறைக்குத்தான் தட்டை நீட்டுவோம். அங்கே "நைன், டாங்கெ" (வேண்டாம், நன்றி) என்றதும் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். வற்புறுத்துவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. பசித்தால் முதல் முறையே "யா, கேர்னெ" (சரி, கொடுங்கள்) என்று சொல்லிவிடுங்கள்.

வாரம் ஒருநாள் நீங்கள் சமைக்க முடியுமா என்று கேளுங்கள், நாள் குறித்து, சமையலறையில் தொங்கும் குடும்பக் காலண்டரில் எழுதிவிடுங்கள். உங்கள் ஷிஃப்டுகளையும் அதில் எழுதலாம். காலண்டரில் பெயர் ஏறினால் அந்த வீட்டில் நீங்களும் ஒரு ஆள் என்று கணக்கு. சிவப்பு மைசூர்ப் பருப்பு எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் ரோட்டெ லின்ஸன் என்ற பெயரில் இருக்கும், குக்கர் இல்லாமலே கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். நல்லெண்ணெய், துவரம்பருப்பு, புளி, கறிவேப்பிலைக்குப் பெரிய ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. காஸலிலிருந்து வட்டார ரயிலில் ஏறினால் மாறாமலே ஹம் நகருக்குப் போகலாம். 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்வந்தால் மனசுக்கும் நல்லது.

சமைக்கும்போது கவனிக்கவேண்டியது தாளிப்பு. குளிர்காலத்தில் எல்லா ஜன்னலும் மூடியிருக்க, வெங்காயமும் கடுகும் வறுபட்ட வாசனை நடைவழியில் தொங்கும் கம்பளிக் கோட்டுகளில் ஏறி ஒரு வாரம் போகாது. எண்ணெய் சூடாகும் முன்பே சமையலறைக் கதவைச் சாத்துங்கள், அடுப்புக்கு மேலிருக்கும் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போடுங்கள், சமையல் முடிந்தும் பத்து நிமிடம் ஓடட்டும். சில உறிஞ்சிகள் புகையை வெளியே தள்ளாமல் கரி வடிகட்டி வழியே திரும்ப அறைக்கே விடும். அப்படியானால் ஜன்னலும் திறக்கவேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சின்னத் தாளிப்புக் கரண்டியை அது கண்டுகொள்ளாது. அடிப்பாகம் அகலமான, காந்தம் ஒட்டும் வாணலியே வேண்டும். முதல் தடவை மிளகாயைப் பாதியாக்கி, பிள்ளைகளுக்குத் தாளிக்கும் முன்பே கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம். படுக்கையறையில் புகை எச்சரிப்புக் கருவி வைப்பது அங்கே சட்டம். உங்கள் தலைக்கு மேலே கூரையில் இருக்கும் அந்த வெள்ளை வட்டம் சாம்பிராணிக்குக் கட்டாயம் அலறும்.

தூக்கத்துக்கு வருவோம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அன்றிலிருந்து தேனிக்கும் உங்களுக்கும் இடைவெளி மூன்றரை மணி அல்ல, நாலரை மணி. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஷிஃப்டில் இருக்கும்போது போன் அடித்து, எடுக்கவில்லையே என்று பயப்படுவார். டிசம்பர் மூன்றாம் வாரம் காஸலில் சூரியன் உதிப்பது எட்டேகாலுக்கு மேல், மறைவது நாலேகால் வாக்கில். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு என்றால் உடம்பு தூக்கத்தைத்தான் கேட்கும். இடைவேளையில் இருபது முப்பது நிமிடம் வெளியே நடப்பதுதான் முதல் மருந்து. மேகம் மூடிய நண்பகல்கூட அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். 10,000 லக்ஸ் பகல்ஒளி விளக்கு யாரிடமாவது இரவல் கிடைத்தால் காலை உணவின்போது அரை மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி பற்றி ஒரு எச்சரிக்கை. அக்டோபர் முதல் மார்ச் வரை ஜெர்மனியின் வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்கும் அளவுக்கு வலு இல்லை, நம் தோல் நிறத்துக்குக் கோடையிலேயே கூடுதல் நேரம் வேண்டும். அந்நாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் சொல்லும் அளவு, வெயில் இல்லாதவர்களுக்குத் தினம் 800 யூனிட். மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஊரிலிருந்து 60,000 யூனிட் பாக்கெட்டை அம்மா பார்சலில் அனுப்பினால் அதை நீங்களாகப் பிரித்துக் குடிக்காதீர்கள், இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும். தன்னார்வலருக்குச் சட்டபூர்வக் காப்பீடு உண்டு, ஆகவே ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்னும் குடும்ப மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். இரும்புச்சத்தும் தைராய்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை தொடர்ந்தால் அது வெறும் குளிர்கால அலுப்பு இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரவிலோ விடுமுறையிலோ உடம்புக்கு முடியாமல் போனால் 116117, உயிருக்கு ஆபத்தென்றால் 112.

தோல் வெடிப்புக்குக் காரணம் காற்றின் வறட்சியும் நீண்ட வெந்நீர்க் குளியலும். ஐந்து நிமிட வெதுவெதுப்பான குளியல் போதும். துடைத்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் இருக்கும்போதே யூரியா கலந்த கெட்டியான கிரீமைத் தடவுங்கள், தண்ணீராக இருக்கும் லோஷன் உதவாது. முதியோர் இல்லத்தில் கிருமிநாசினி போட்டுப் போட்டுக் கை இன்னும் காய்ந்துபோகும், அங்கே கைக்கென்று வைத்திருக்கும் கிரீமை ஒவ்வொரு இடைவேளையிலும் பயன்படுத்துங்கள். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கெட்டுப்போனதாக நினைத்து எறிந்துவிடாதீர்கள். தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தால் தலையணையில் சொந்தத் துண்டு விரியுங்கள்.

உடுப்பில் ஒன்றே ஒன்று முக்கியம். முதியோர் இல்லத்துக்குள் 23, 24 டிகிரி, வெளியே மூன்று. பெரிய கோட்டுக்குள் பருத்திப் பனியன் போட்டால் உள்ளே வியர்த்து, பஸ் நிறுத்தத்தில் அந்த ஈரமே நடுக்கும். உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது விளையாட்டுத் துணி, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. வேலையிடத்தில் நடு அடுக்கைக் கழற்றிவிடலாம். காலணியை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்தம் ஓடாமல் கால் இன்னும் சில்லிடும். ஸோஸியால்கவுஃப்ஹவுஸ் என்னும் பழையபொருள் அங்காடிகளில் நல்ல கோட்டுகள் கிடைக்கும், புதிது வாங்கிக் கைச்செலவுப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

கிறிஸ்துமஸைப் பற்றி நவம்பரிலேயே பேசிவிடுங்கள். 24-ம் தேதி மாலை அங்கே வீட்டோடு இருக்கும் நாள், மதியத்திலேயே கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை. நான் உங்களோடு இருக்கிறேனா, தாத்தா பாட்டி வீட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால் நான் என்ன செய்யவேண்டும், பரிசு கொடுக்கும் வழக்கம் எப்படி என்று நேராகவே கேளுங்கள். நேரடியாகக் கேட்பதை அவர்கள் தவறாக நினைப்பதில்லை. அழைப்பார்கள் என்று நாம் காத்திருப்பதும், வர விருப்பமில்லை போல என்று அவர்கள் நினைத்துக்கொள்வதும்தான் தவறாகப் போகும். டிசம்பர் 5 இரவு பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், மறுநாள் நிக்கோலாஸ் தினம். உங்கள் பூட்ஸையும் துடைத்துப் பக்கத்தில் வையுங்கள்.

இனி வேறு குடும்பம் கேட்கவேண்டிய காரணங்கள். அறையில் ஹீட்டரே இல்லை அல்லது பழுதைச் சொல்லியும் சரிசெய்யவில்லை. ஏற்கெனவே இருந்த பூஞ்சணத்தோடு அறையைக் கொடுத்திருக்கிறார்கள். ஒப்புக்கொண்ட சாப்பாடு கிடைப்பதில்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் வீடு துடைப்பதும் உங்கள் தினசரி வேலையாகிவிட்டது. நீங்கள் குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஓ-பேர் இல்லை, உங்கள் பணி நேரம் முதியோர் இல்லத்தில் முடிந்துவிடுகிறது. பாத்திரக் கழுவியை நிரப்புவது, குப்பையைப் பிரித்துப் போடுவது, உங்கள் அறையைக் கூட்டுவது எல்லாம் வீட்டில் ஒருவர் என்ற முறையில் செய்யவேண்டியவை, அதற்கு மேல் ஒரு நாள் உதவுவது உங்கள் விருப்பம். இவற்றில் ஏதாவது இருந்தால் தேதி போட்டு எழுதிவைத்து, முதலில் குடும்பத்திடம், அடுத்து உங்களுக்கென்று நியமித்த பொறுப்பாளரிடம், பிறகு அனுப்பிய நிறுவனத்திடம் சொல்லுங்கள். ஓராண்டில் 25 கருத்தரங்க நாட்கள் உங்களுக்கு உண்டு, அங்கும் பேசலாம். தகாத தொடுதல், மிரட்டல் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். அன்றே வீட்டைவிட்டு வெளியே வந்து பொறுப்பாளரை அழையுங்கள், ஆபத்தென்றால் போலீஸ் 110. பெண்களுக்கான உதவி எண் 116 016 இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, பல மொழிகளில் பேசுவார்கள்.

வரும் ஞாயிறு மூன்று, மூன்றரை வாக்கில் அவர்கள் காபியும் கேக்குமாக உட்காருவார்கள். அப்போது "ஹாஸ்ட் டூ கூர்ட்ஸ் ட்ஸைட்?" (கொஞ்சம் நேரம் இருக்கிறதா?) என்று ஹோஸ்ட் அம்மாவிடம் தொடங்குங்கள். கேட்கவேண்டியவை நான்குதான்: போர்வை, நாஹ்ட்அப்ஸெங்குங் நேரம், துணி காயப்போடும் இடம், சமைக்கும் நாள். ஜன்னலை நீங்கள் பார்த்துக்கொள்வதாகவும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.